எண்ணிக்கையில் மட்டும் இருந்தவர்கள்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில் அப்பாயியின் கடவுச்சீட்டு இன்றும் இருக்கிறது. 1974-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது குத்திய முத்திரை மங்கிவிட்டது. கோத்தகிரி மழையின் ஈரம் அதனை அழித்துவிடாதிருக்க, ஆண்டுக்கொருமுறை வெயிலில் காயவைப்போம். அண்மையில் அவ்வாறு வைத்த நாளில், பாடம் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுச் சிறுமி, "நியூயார்க்குக்கு முன்பு வேறு பெயராமே?" என்று கேட்டாள்.

ஆம், ஒல்லாந்தர் மன்ஹாட்டன் தீவில் அமைத்த அவ்வூரின் பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். 1664-இல் ஆங்கிலேயரின் நான்கு கப்பல்கள் அதன் துறைமுகத்தை வளைத்தன. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் போரிட விரும்பினார். ஊரார் 93 பேரோ, சரணடையுமாறு வேண்டி மனுவில் ஒப்பமிட்டனர். ஆளுநரின் மகனும் அவர்களுள் ஒருவர். செப்டம்பரில் போரின்றி ஊர் கைமாறியது. ஒல்லாந்தரின் உடைமையும் வாரிசு வழக்கமும் மனச்சான்றின் உரிமையும் உடன்படிக்கையில் காக்கப்பட்டன. அம்மண்ணின் மூத்த குடிகளாகிய லெனாபி மக்களை எவரும் கேட்கவில்லை.

எங்கள் முன்னோர் உழைத்த இலங்கையும் இவ்வாறே கைமாறியது. 1795-இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்து நாட்டில் புகுந்தது. இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்ற அந்நாட்டுத் தலைவர், குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்குமாறு கடிதம் எழுதினார். கொழும்பைக் காத்த சுவிஸ் கூலிப்படையான டி மூரோன் படைப்பிரிவு ஆங்கிலேயர் பக்கம் மாறிற்று. 1796 பிப்ரவரியில், பெரும்போர் ஏதுமின்றிக் கொழும்பு சரணடைந்தது.

இம்மாற்றத்தால் நன்மை விளையவில்லை என்று கூறமாட்டோம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட காலத்தில், 1687-இல் எளிய கோலத்தில் மறைந்து வந்து பணியாற்றியவர் புனித யோசேப்பு வாஸ். அவ்வொடுக்குமுறைச் சட்டங்களை 1806-இல் ஆங்கில அரசு நீக்கியது.

அதே சுவிஸ் படைப்பிரிவு 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையிலும் ஆங்கிலேயருக்காகப் போரிட்டது. திப்பு சுல்தான் வீழ்ந்தார். அவர் ஆட்சிக்குட்பட்டிருந்த நீலகிரியும் கம்பெனியின் கைக்குச் சென்றது. தோடரையும் கோத்தரையும், படகரையும் குறும்பரையும் இருளரையும் அன்று எவர் கேட்டார்?

ஆங்கிலேயர் இலங்கையில் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்டபோது, எங்கள் பாட்டன்மார் தமிழகத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்டனர். தலைமுறைகள் உழைத்த பின்னர், 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைக் குறித்துப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நியூ ஆம்ஸ்டர்டாம் கைமாறி முந்நூறு ஆண்டுகள் நிறைந்த அதே ஆண்டு அது. ஆங்கே நிலத்தைக் கைமாற்றினர். ஈண்டு மனிதரைப் பங்கிட்டனர். எண்ணிக்கை முடிவான பின்னரே எங்களுக்கு விண்ணப்பத் தாள் வந்தது. "பிறந்த ஊரை விட்டுச் சொந்த ஊருக்குப் போகச் சொன்னார்கள். அது எந்த ஊர் என்றுதான் எனக்குத் தெரியவில்லை" என்பார் அப்பாயி.

தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவென்று 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே எங்களுக்குச் சோறிட்டது. அதற்கு நாங்கள் என்றும் நன்றியுடையோம். ஆயினும் ஓர் உண்மையை நெஞ்சறிய ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கெனத் தேயிலை நட்ட நிலம் அதற்கு முன்பு காடாக இருந்தது. அக்காட்டில் தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தோரிடம் நாங்களும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்கப்படாத துயரை அறிந்த நாங்களே, கேட்க மறந்தோம்.

மாலைப் பனி இறங்குமுன் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்தோம். இம்மலையின் நிலத்தைக் குறித்து இனி ஊரில் கூட்டம் கூடினால், குறும்பரும் இருளரும் வந்தனரா என்று முதலில் எழுந்து கேட்பவர் எங்கள் வீட்டாராக இருத்தல் வேண்டும். சிறுமியிடம் அன்று நாங்கள் சொன்னது இதுவே.