சட்டை மாற்றும் பறவை

கிள்ளான் வீட்டில் எங்கள் லவ்பேர்டு இறகு உதிர்த்தால் அம்மா சொல்வார்: "சட்டை மாத்துது, விடுப்பா." பெரும்பாலும் சரிதான். இயல்பான உதிர்வு இரு பக்கமும் ஒரே மாதிரி நடக்கும், வழுக்கை விழாது, வெள்ளை உறைக்குள் புது இறகுகள் முள்முள்ளாக எட்டிப் பார்க்கும்.

உடம்பு வெறுமையாகித் தலை மட்டும் முழுசாக இருந்தால்? தன் தலை தன் அலகுக்கு எட்டாது. அப்படியென்றால் பெரும்பாலும் அதுவே இறகைப் பிடுங்குகிறது. புது இறகு கோணலாக வளர்ந்தால் அலகு-இறகு வைரஸ் நோயா என்று சோதிக்க வேண்டும்.

நோயை மறைப்பது பறவையின் குணம். காட்டில் தளர்ந்ததுதான் முதலில் இரையாகும். சிலிர்த்து உட்கார்ந்தால் மெலிவும் தெரியாது. அதனால் வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துப் பார்ப்பேன். ஏறக்குறைய 50 கிராம் உயிர். 5 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.