கணிப்பொறிக்கு ஆணையிடக் கற்கும் பிள்ளைகள்

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே அமைந்த வன்னியம்பட்டிப் பகுதியில் பஞ்சாலையையும் தறியையும் வயலையும் நம்பி வாழும் குடும்பங்களே மிகுதி. இக்குடும்பங்களின் பெற்றோர் சில ஆண்டுகளாக நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றனர். "சாமி, பிள்ளையைக் கோடிங் வகுப்பில் சேர்க்கச் சொல்லுகிறார்கள். சேர்க்கலாமா?" என்பதே அது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில், இதனைக் கற்ற சிறுவர் பெரும் பணம் ஈட்டுவர் என்னும் பாணியில் விளம்பரங்கள் வீடுதோறும் கைப்பேசியில் வந்து இறங்கின. ஆலையில் இரவு முறை பார்க்கும் தாய் ஒருத்தி, அவ்வகுப்பின் கட்டணத்திற்காகக் காதில் கிடப்பதைக் கழற்றலாமா என எண்ணும் அளவிற்கு அவை மனத்தைக் கலக்கின. தம் பிள்ளை பின்தங்கி விடுமோ என்னும் அச்சமே அக்கேள்விக்கு வேர். எனவே, இக்கல்வி யாது, எதற்கு உதவும் என்பதை நிதானமாக ஆராய்வது நம் கடமையாகும்.

ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஐயத்திற்கு இடமின்றி, வரிசையாகக் கணிப்பொறிக்குச் சொல்லும் ஆணைத் தொடரே நிரல் எனப்படும். அதனை எழுதும் பயிற்சியைத்தான் கோடிங் என்கின்றனர். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை நினைத்துப் பாருங்கள். பாலை ஊற்று, சர்க்கரையைச் சேர், கெட்டியாகும் வரை கிளறு, கெட்டியானால் இறக்கு. 'வரை' என்னும் சொல், ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யுமாறு பணிக்கிறது. 'ஆனால்' என்பதோ நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுமாறு சொல்லுகிறது. உலகின் மிகப் பெரிய நிரல்களிலும் அடிப்படையாக நிற்பவை வரிசை, திரும்பச் செய்தல், நிலைமை பார்த்து முடிவெடுத்தல் என்னும் இம்மூன்றே.

நம் இல்லங்களில் மாலைதோறும் சொல்லப்படும் ஜெபமாலையும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கர்த்தர் கற்பித்த செபம், பத்து மங்கள வார்த்தை செபம், ஒரு திரித்துவப் புகழ். இத்தொகுதி முழுவதும் ஐந்து முறை. பத்து என்னும் சுற்று, ஐந்து என்னும் பெரிய சுற்றுக்குள் அடங்கி நிற்கிறது. இதனைக் கணிப்பொறிக்குச் சொல்ல நான்கைந்து வரிகள் போதும். பொறி பிழையின்றி ஐம்பது வரை எண்ணிவிடும். ஆனால் அதனால் செபிக்க இயலாது. மனிதன் எங்கே நிற்கிறான், பொறி எங்கே நிற்கிறது என்னும் இவ்வேறுபாட்டைக் கையாண்டு பார்த்தே உணரும் பிள்ளை, பொறியைக் கண்டு மிரளாது. அதற்கு அடிமையும் ஆகாது.

இச்சிந்தனை நெசவாளருக்கு அந்நியமானதன்று. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு என்பார் 1804இல் அமைத்த தறியில், துளையிட்ட அட்டைகளே எந்த இழை உயர வேண்டும், எது தாழ வேண்டும் என்று ஆணையிட்டன. அந்த அட்டைமுறையைத்தான் ஆங்கில அறிஞர் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் நிரல் எழுதும் கலை அறிஞர் கைக்குள் அடங்கிக் கிடந்தபோது, அதனை எளிய மாணவரிடம் கொண்டுசெல்ல 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் என்னும் மொழி பிறந்தது. அடுத்த ஆண்டில், அந்நாட்டில் கணிப்பொறி இயலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு கன்னியர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. மேரி கென்னத் கெல்லர் என்னும் அந்தச் சகோதரி, அயோவா மாநிலத்தில் தம் சபையினர் பெண்களுக்கென நடத்திய கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையை நிறுவி, இருபது ஆண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார். "பெண் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்போர் இதனைக் கருத்தில் கொள்வாராக.

இந்திய அரசு 1984இல் பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்பும் திட்டமொன்றைத் தொடங்கி, இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ பொறிகளைத் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளுக்கு வழங்கியது. தமிழகத்தில் 2018இல் வந்த புதிய பாடத்திட்டம் பதினொன்றாம் வகுப்பிற்குச் சி பிளஸ் பிளஸ் மொழியையும், 2019இல் வந்தது பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பைத்தான் மொழியையும் பாடமாக்கின. இவை போற்றத் தக்கவை. எனினும், மேல்நிலை வகுப்பில் அப்பாடப் பிரிவை எடுத்தவர்க்கே அவை கிட்டின. பிரிவு கிடைக்காத பிள்ளையும், பத்தாம் வகுப்போடு ஆலைக்குச் சென்ற பிள்ளையும் அவ்வாசலை மிதிக்கவே இல்லை.

மொழி மற்றொரு தடை. பாடநூல் தமிழில் இருப்பினும், அந்த நிரல் மொழிகளின் ஆணைச் சொற்கள் ஆங்கிலமே. இத்தடையை நீக்க, அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பொறியாளர் முத்து அண்ணாமலை 'எழில்' என்னும் தமிழ் நிரல் மொழியை உருவாக்கினார்; அதனைப் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 2009இல் வெளிவந்தது. அதில் 'பதிப்பி' என்று எழுதினால் பொறி திரையில் எழுத்தைக் காட்டும். மேலே பால்கோவாவிற்குச் சொன்ன 'ஆனால்', 'வரை' என்னும் சொற்களே அங்கும் ஆணைகள். தொழில் செய்யப் பிற்பாடு ஆங்கிலச் சொற்கள் தேவைப்படலாம். ஆனால் சிந்தனையின் முதற்படியைத் தாய்மொழியில் ஏறிய பிள்ளைக்கு அடுத்த படி எட்டாத உயரமன்று.

பிள்ளை இதனால் அடையும் பெரும்பயன் யாது? பிழையை அஞ்சாத மனம். நம் தேர்வுத் தாளில் தவறு என்றால் சிவப்புக் கோடு, வீட்டில் வசை. நிரலிலோ, முதன்முறை எழுதியது பெரும்பாலும் சரியாக ஓடாது. வரி வரியாகத் தேடி, பிழையைக் கண்டு, திருத்தி, மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சிறுவர்க்கென 1967இல் லோகோ என்னும் மொழியை ஆக்கியோருள் ஒருவரான சீமர் பாப்பர்ட் இதனையே பெரிதும் வலியுறுத்தினார். இரவுதோறும் ஆன்ம சோதனை செய்யப் பழகிய நமக்கு இது புதிதன்று. தவறை ஒளிக்காமல் தேடிக் காண்பவனே திருந்துகிறான்.

"இன்று செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறதே, பிள்ளை ஏன் கற்க வேண்டும்?" என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. கணக்குப் பொறி வந்த பின்னரும் வாய்ப்பாடு கற்பிப்பதை நாம் நிறுத்தவில்லை. பொறி தந்த விடை சரியா, அது யாருக்கேனும் தீங்கு செய்யுமா என்று தீர்மானிக்க அதன் உள்ளோட்டம் தெரிந்த மனிதன் வேண்டும். யாருக்குக் கடன் தரலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம் என்பதிலும் நிரல்கள் இன்று பங்கு கொள்கின்றன. ஏழையின் பிள்ளைக்கு அவை விளங்காதிருப்பின், ஏழையின் தலைவிதியைப் பிறர் எழுதிய வரிகளே முடிவு செய்யும். வேலை வாய்ப்பைக் காட்டிலும் இதுவே நமக்குப் பெருங்கவலை.

2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுதிஸ், 2006இல் பதினைந்தாம் வயதில் இறந்த இத்தாலியச் சிறுவர். நிரல் எழுதத் தாமே கற்று, நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் உலகறியச் செய்தார். வீடியோ விளையாட்டிற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டுமே எனத் தமக்குத் தாமே எல்லை வகுத்திருந்தார் என்பர். கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பதும் கணிப்பொறியைக் கற்பதும் ஒன்றல்ல என்பதற்கு அவரே சான்று.

ஆகவே பெற்றோரே, கடன் வாங்கிக் கட்டணம் செலுத்த வேண்டா. பைத்தான், எழில், சிறுவர்க்கான ஸ்கிராட்ச் ஆகிய மூன்றும் விலையின்றிக் கிடைக்கின்றன. முதற்பாடங்களுக்குக் கணிப்பொறியும் தேவையில்லை. தாளும் பென்சிலும் போதும். பொறியியல் பயிலும் நம் பங்கு இளைஞர், ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் ஒரு மணி நேரம் தம் அறிவைப் பகிரலாம். பழைய கணிப்பொறி ஒன்று வீட்டில் தூசி படிந்து கிடக்குமாயின், அது பங்கு மன்றத்திற்கு வரட்டும். ஆணும் பெண்ணும், எம்மதத்துப் பிள்ளையும் அங்கே சமமாக அமரட்டும். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனைத் தலைவன் கடிந்துகொண்டான் என்பதை நாம் அறிவோம். நம் பிள்ளைகளின் தாலந்து, வறுமையாலும் நம் அசட்டையாலும் புதைந்து போகாமல் காப்போமாக.