பதினாலாவது பாகத்துக்குப் பிறகு

ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' மொத்தம் 14 பாகங்கள். முடித்த பிறகு ஒரு மாதம் எதை எடுத்தாலும் ஐம்பது பக்கம் தாண்டவில்லை. நண்பர்களிடம் கேட்டால் பதிலுக்குக் கேள்விதான் வரும். "மேஜிக் சிஸ்டம் எப்படி இருக்கணும்? டிராகன் வேணுமா? போர் நிறைய இருக்கணுமா?" ஓட்டலில் ஆர்டர் எடுக்கிற மாதிரி. நானும் சொல்வேன். கேட்டதெல்லாம் இருக்கிற புத்தகம் கைக்கு வரும், மனசில் ஒட்டாது.

முடியுமா முடியாதா என்கிற பயம் வேறு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. ஆறாவதுக்கு இன்னும் காத்திருக்கிறோம். பேட்ரிக் ராத்ஃபஸின் இரண்டாம் நாவலும் அதே 2011தான், மூன்றாவது வரவில்லை. "முடிஞ்ச தொடரா இருந்தா மட்டும் சொல்லு" என்று ஒருவர் கேட்டால் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஜோர்டனே தொடரை முடிக்காமல்தான் 2007இல் இறந்தார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்துக் கடைசி மூன்று பாகங்களை பிராண்டன் சாண்டர்சன் எழுதினார். 1990இல் முதல் பாகம் வாங்கியவருக்கு முடிவு கிடைத்தது 2013இல். 23 வருஷம்! அதற்குள் அவருக்கும் வயசாகியிருக்கும். சில மாதங்களில் மொத்தத்தையும் விழுங்கிய எனக்கே பிரிவு இவ்வளவு கனக்கிறது என்றால், நான் தேடியது டிராகனையோ மந்திரத்தையோ அல்ல. ஒருத்தரோடு நீண்ட காலம் கூடவே இருப்பது. அவ்வளவுதான்.

அப்படித்தான் ராபின் ஹாப்பிடம் வந்து சேர்ந்தேன். 1995இல் தொடங்கி 2017இல் முடிந்த 16 நாவல்கள். அவற்றில் ஒன்பதில் ஃபிட்ஸ்தான் கதை சொல்கிறான். முதல் நாவலில் ஆறு வயசுப் பையன். இளவரசனுக்கு முறைதவறிப் பிறந்தவன் என்று தாத்தாவே கோட்டையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். லாயத்துக்காரன் பர்ரிச்சிடம், நாய்களோடு படுத்து வளர்கிறான். கடைசி மூன்று நாவல்களில் அவனே ஒரு பெண் குழந்தைக்கு அப்பா. இங்கேயும் மந்திரம் உண்டு, மிருகங்களோடு மனசைப் பகிர்ந்துகொள்கிற ஒன்று. ஆனால் பிணைந்த மிருகத்தின் ஆயுள் நம்முடையதைவிடக் குறைவு. அந்த மந்திரத்துக்கான விலை அதிலேயே இருக்கிறது. உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையும் நடக்கிறதுதான், ஆனால் நமக்கு மனசில் நிற்பது அவனுக்கு வலிக்கிற முதுகு.

16 நாவல் அதிகம் என்றால் உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ இருக்கிறது. எல்லாமே மெலிந்த புத்தகங்கள். முதல் மூன்றும் 1968க்கும் 1972க்கும் நடுவில் வந்தவை. 18 வருஷம் கழித்து, 1990இல், நான்காவதாக 'டெஹானு'. சாகசக்காரியாக நாம் பார்த்த டெனார் இதில் நடுத்தர வயது விதவை, பண்ணை பார்க்கிறாள், தீயில் வெந்த ஒரு குழந்தையை வளர்க்கிறாள். பெரிய மந்திரவாதி கெட் சக்தியெல்லாம் போய் வந்து நிற்கிறார். சக்தி போன மனிதன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வான்? பெரும்பாலான ஃபேன்டஸி முடிந்துவிடுகிற இடத்தில் இந்த நாவல் தொடங்குகிறது.

இப்போது யாராவது என்னிடம் "அடுத்து எதைப் படிக்கலாம்?" என்று கேட்டால், மேஜிக் பற்றி விசாரிப்பதில்லை. "போன தொடர்ல யாரை ரொம்ப மிஸ் பண்ற?" என்று கேட்கிறேன். பெயரை உடனே சொல்லிவிடுவார்கள். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்ச நேரம் ஆகும். அதைக் கேட்ட பிறகுதான் நான் புத்தகத்தின் பெயரைச் சொல்வேன்.