பாலைப்பழக் காலம்

வற்றாப்பளை அம்மன் பொங்கலும் முடிந்து சோளகம் எழும்பிவிட்டால் அக்கராயனில் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் நிற்காது. காட்டுப்பக்கமிருந்து பாலைப்பழ வாசம் வருகிறதென்று குளக்கட்டில் நின்று மூக்கை விரித்து இழுப்போம். வந்ததென்னவோ வாய்க்கால் சேற்றின் மணமும் சிறுபோக வயலின் பச்சை மணமும்தான்.

ஒருநாள் விடியப்புறம் அப்பு, "இண்டைக்குப் பழத்துக்குப் போவம்" என்பார். அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. அயல்வீட்டு மாமி கடகத்தோடு வருவா. சித்தப்பா உழவு மெசின் பெட்டியில் படங்கையும் தண்ணிக் கானையும் ஏற்றுவார். அம்மம்மா புட்டையும் சம்பலையும் வாழையிலையில் கட்டி, தேங்காயெண்ணெய்ப் போத்தலையும் மறக்காமல் எடுத்துவைப்பா. பாலைப்பழத்தின் பால் உதட்டில் பிசின்போல ஒட்டும். எண்ணெய் பூசினால்தான் கழரும். தின்கிற அவசரத்தில் நாங்கள் எண்ணெயை நினைப்பதேயில்லை. பிறகு வாய் ஒட்டிப்போய், பேச்சு நின்று, கைப்பாசையில் சண்டை பிடிப்போம்.

காடு தொடங்கும் இடத்தில் அப்பு சின்னக் குழையொன்றை முறித்து ஐயனாருக்கென்று கொப்பில் தொங்கவிடுவார். அதற்குமேல் ஒருவரும் கொப்பு முறிக்கக்கூடாது. சித்தப்பா ஏறி உலுப்ப, விரித்த படங்கில் மஞ்சள் பழங்கள் பொலபொலவென்று கொட்டும். சுண்டுவிரல் நுனியளவு பழம். வெயில் ஏறிய தோல் மினுங்கும், கடித்தால் தேன். இலுப்பையும் சப்போட்டாவும் பாலைக்குச் சொந்தக்காரர்தான், ஆனால் இந்த இனிப்பு அவற்றுக்கு இல்லை என்பது என் கட்சி. மரத்தில் கரடி ஏறிய நகக்கீறல்கள் நீளநீளமாக இருக்கும். அவற்றில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கரடியை விரட்டத் தகரம் தட்டுகிற ஆளுக்குப் பக்கத்தில் ஓடிவந்துவிடுவேன். உச்சிக்கொப்புப் பழத்தை அப்பு தொடவிடமாட்டார். "அது கரடியின்ரையும் குரங்கின்ரையும் பங்கு." பாலை மெல்ல வளரும், வெட்டிப்போட்டால் தண்ணீரில் தாழும் அளவுக்கு வைரம். மரத்தைத் தட்டிக்காட்டி, "என்ரை அப்பு காலத்திலையும் உது உவ்வளவுதான்" என்பார்.

இப்போது ஏ9 வீதியோரத்தில் பழம் குவித்து விற்கிறார்கள். வாங்கித் தின்ன ஆசைதான். ஆனால் பழத்துக்காகக் கொப்பையே வெட்டி வீழ்த்துகிறவர்களைக் காண வயிறு எரிகிறது. ஒரு கொப்பு திரும்ப வளர எத்தனை மாரி வேண்டும்!

மிஞ்சிய பழத்தை அம்மம்மா தண்ணீரில் பிசைந்து, வெள்ளைச் சீலையால் வடித்து, முற்றத்து அடுப்பில் பாணி காய்ச்சுவா. விறகுப்புகையும் இனிப்பும் கலந்து வீடெல்லாம் மணக்கும். அகப்பையால் ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் விட்டு, ஓடாமல் நின்றால்தான் சட்டியை இறக்குவா. ஒரு போத்தல் யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவுக்கு. பஸ்ஸில் போகிற ஆரிடமாவது கொடுத்துவிட்டால், அடுத்த கிழமை வெறும் போத்தலோடு ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்து சேரும். பெரியம்மா எங்களை எண்ணித்தான் அனுப்புவா, ஆளுக்கு ஒன்று, அம்மம்மாவுக்கு இரண்டு.