சிதம்பரம் என்றொரு பிள்ளை

தமிழர் ஒருவரின் பெயரில் பல சமயம் இரண்டு ஊர்கள் இருக்கும். தலைப்பெழுத்தில் ஒளிந்திருப்பது சொந்த ஊர். பெயராகவே நிற்பது, பெற்றவர்கள் கும்பிட்ட ஊர். பாடகர் சி.எஸ்.ஜெயராமன் சிதம்பரத்தில் பிறந்தவர். அவர் பெயரில் ஊருக்குக் கிடைத்தது ‘சி’ என்ற ஒற்றை எழுத்துத்தான். முழுப் பெயரையும் சுமந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையோ 1872இல் பிறந்தது எங்கோ தெற்கே ஒட்டப்பிடாரத்தில்.

எங்கள் தாத்தா பெயரும் சிதம்பரம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆச்சி கட்டினவர் பெயரைச் சொல்ல மாட்டாள். அதனால் ஊர்ப் பெயரும் அவள் வாயில் வராது. ஆருத்ரா தரிசனத்துக்கு யாராவது கிளம்பினால், “உங்க தாத்தா பேருள்ள ஊருக்குப் போறாகளாம்” என்பாள். தாத்தா அங்கிருந்து வந்தவர் என்றே சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மாவுக்குப் பிள்ளைகள் தங்காமல் போக, நடராசரிடம் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை அவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த வழக்கத்தில் மத வேறுபாடு கிடையாது. பழனி, அண்ணாமலை, காசி, குற்றாலம் என்று பெயர் வைத்த அதே தெருவில் நாகூர் மீரானும் வேளாங்கண்ணியும் இருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இப்படித்தான். கொழும்பில் பிறந்த சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரில் அப்பா தில்லையின் பொன்னம்பலம், பிள்ளை திருவண்ணாமலை.

ஊருக்கே ‘சிதம்பரம்’ பிற்காலத்தில் நிலைத்த பெயர்தான். தேவாரத்தில் அது தில்லை, பெரும்பற்றப்புலியூர். தில்லை என்பது உப்பங்கழி ஓரம் வளரும் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இன்று அதைப் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டும். சிற்றம்பலம் திரிந்து சிதம்பரம் ஆனது என்பார் ஒரு சாரார். சித், அம்பரம் இரண்டும் சேர்ந்து அறிவுவெளி என்பார் மறு சாரார். ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத்துக்கு உரியது. திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும். அதற்குப் பின்னால் உருவம் எதுவும் இல்லை. அதுதான் சிதம்பர ரகசியம். பள்ளிக்கூடத்தில் தாத்தாவுக்கு ‘ரகசியம்’ என்றுதான் பட்டப்பெயராம். ஆள் என்னவோ ஓட்டைவாய்.

இந்த ஊருக்கும் பெயருக்கும் உள்ள உறவில் எனக்குப் பெரிதாகப் படுவது நந்தனார் கதை. ஆதனூர்க்காரர். சாதி அவரைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சேக்கிழாரின் பெரிய புராணத்தில் அவர் பெயர் திருநாளைப்போவார். நாளை நாளை என்று தள்ளிப்போன பயணமே ஒரு மனிதனுக்குப் பெயராகிவிட்டது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நடந்தே போக வேண்டியிருந்த காலத்தில், பிள்ளைக்குச் சிதம்பரம் என்று பெயரிட்டவர்களில் எத்தனையோ பேர் கோபுரத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களும் நாளைப் போவார்கள்தான்.

வேண்டுதல் முதல் பிள்ளையோடு முடிந்துவிடும். அதன் பிறகு பேரனுக்குத் தாத்தா பெயரை விடுவதால் ஊர்ப் பெயர் குடும்பச் சொத்தாகிவிடுகிறது. செட்டிநாட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ப.சிதம்பரத்தின் அப்பா பழனியப்பன். அம்மாவைப் பெற்றவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். ஒரே குடும்பத்துக்குள் மூன்று தலங்கள். அந்த அண்ணாமலை செட்டியார் 1929இல் பல்கலைக்கழகம் கண்டது சிதம்பரத்தில். அதைச் சுற்றி எழுந்த ஊர் அண்ணாமலை நகர் ஆயிற்று. திருவண்ணாமலையின் பெயர் ஒரு மனிதர் வழியாகத் தில்லைக்கு வந்து சேர்ந்தது இப்படி.

அவருடைய மகன் எம்.ஏ.சிதம்பரம் பெயரில்தான் சென்னையில் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யின் பெயரை 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சூட்டினார்கள். எங்கோ ஓர் ஊரிடம் கடன் வாங்கிய பெயரை மனிதர்கள் வேறு இடங்களுக்குத் திருப்பிக் கொடுத்த கணக்கு இது. ஆனால் மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் ‘சேப்பாக்கத்துக்கு’ என்கிறார்கள். லாரிக்காரர்களுக்கு அந்தத் துறைமுகம் இன்றும் தூத்துக்குடி ஹார்பர்தான்.

ஊர்ப் பெயர் மனிதனோடு சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. மனிதன் பெயர் ஊரோடு ஒட்டத் தயங்குகிறது. சூட்டப்பட்ட பெயர் பெயர்ப்பலகையில் இருக்கிறது. பிள்ளையின் பெயரோ சாப்பிடக் கூப்பிடவும் திட்டவும் கடைக்கு அனுப்பவும் நாளுக்கு ஐம்பது தடவை வாயில் வருகிறது. அண்ணாமலை நகர் நிலைத்ததும் அதனால்தான். அங்கே படித்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் அந்தப் பெயர் இருந்தது. ஆகவே ஒருவர் பெயர் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கல்வெட்டுத் திறப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பிறக்கிற பிள்ளை ஒன்றுக்கு அதை வைத்து, வாய் நிறையக் கூப்பிட வேண்டும்.