பீரோவில் இருக்கும் சீட்டு

"முதல் பிள்ளை ஆபரேஷன் மேடம். இதாவது சுகப்பிரசவமா ஆகுமா?"

சித்தூரிலும் திருப்பதியிலுமாக இருபது வருடம் பிரசவ அறையில் நின்றவள் நான். இதற்குப் பதில் சொல்வதற்கு முன், வயிற்றைத் தொடுவதற்கும் முன், நான் கேட்பது ஒன்றுதான்: "பழைய டிஸ்சார்ஜ் சீட்டு எங்கேம்மா?"

பெரும்பாலும் கையில் இருக்காது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா? குடியாத்தத்திலோ ஆர்க்காட்டிலோ பிள்ளை பிறந்திருக்கும். சீட்டு அங்கே அம்மாவின் பீரோவில், புடவைகளுக்கு அடியில். பெண் இங்கே ஏழாம் மாதத்தில் நின்றுகொண்டு தழும்பைக் காட்டுவாள். தோலில் குறுக்கே கோடு தெரிந்தாலும், உள்ளே கருப்பையை எப்படி வெட்டினார்கள் என்பதை அது சொல்லாது.

கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு என்றால், பிரசவ வலியில் பழைய தழும்பு பிரிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. மேல்பகுதியில் நெட்டுக்கு வெட்டியிருந்தால் ஆபத்து பல மடங்கு. அவர்களிடம் சுகப்பிரசவப் பேச்சையே எடுக்கமாட்டேன். ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்று 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் சொன்னது அந்த நெட்டு வெட்டின் காலத்தில். வெட்டு மாறிவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் மாறவில்லை.

சீட்டில் அடுத்துத் தேடுவது காரணம். குழந்தை தலை திரும்பவில்லை என்று எழுதியிருந்தால் எனக்கு நிம்மதி. இந்த முறை தலை கீழே இருந்தால் அந்தக் காரணமே இல்லை. கருப்பை வாய் முழுக்கத் திறந்தும் குழந்தை இறங்கவில்லை என்றிருந்தால் யோசிப்பேன். தகுதி பார்த்து முயல்கிறவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் சுகமாகவே பெறுகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் நூற்றுக்கு 42 பிரசவம் சிசேரியன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் குறையப்போவதில்லை.

ஒரு தவறு என்னுடையது. நகரி பக்கத்துப் பெண். சீட்டு சரி, காரணம் சரி, முயலலாம் என்றேன். ஒன்பதாம் மாதம் எங்கே தங்குவாய் என்று கேட்காமல் விட்டேன். "வலி முற்றினப்புறம் போ, அப்பதான் கத்தி வைக்கமாட்டாங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரவெல்லாம் வீட்டிலேயே பொறுத்து, விடியற்காலையில் வந்து சேர்ந்தாள். வலி விட்டு விட்டு வரவில்லை, நின்றபடியே இருந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. வயிற்றைத் திறந்தபோது பழைய தழும்பு பிரிந்திருந்தது. தாய் பிழைத்தாள், குழந்தை பல நாள் தீவிர சிகிச்சையில் இருந்து மீண்டது.

அதற்குப் பிறகு நான் போடும் திட்டத்தில் பாதி சாலையைப் பற்றியது. சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் நடுராத்திரியிலும் கிடைக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கடைசி வாரங்களில் தங்கச் சொல்கிறேன். திருப்பதியில் உறவுக்காரர் இல்லாத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. வலி எடுத்ததும் உள்ளே வந்துவிட வேண்டும். குழந்தையின் துடிப்பை விடாமல் பார்க்க வேண்டும்.

சிசேரியன் ஆகி அடுத்த பிள்ளையைச் சுமக்கிறவர்கள் இதைப் படித்தால், இன்றே அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். பீரோவில் இருக்கும் சீட்டை இரண்டு பக்கமும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.