திண்ணையில் தோற்ற சாரிசார்டு

கிருஷ்ணன்கோவிலில் மதுரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் பேருந்து முழுக்க விபூதி வாசனை. அமாவாசைக்கு முந்தின நாள். ஏறியவர்களில் பாதிப் பேர் கையில் கம்பு, தோளில் துண்டு, பையில் புளியோதரை. சதுரகிரி மலையேறப் போகிறவர்கள். வத்திராயிருப்பு தாண்டி மகாராஜபுரத்தில் நான் எழுந்தபோது பக்கத்து இருக்கைப் பெரியவர், "அடிவாரம் இன்னும் வரலையே தம்பி" என்று பதறினார். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றதும் ஏமாற்றமாகப் பார்த்தார்.

இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் சென்னை நண்பர்கள் சங்கீதம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மகாராஜபுரம் தஞ்சைப் பக்கம். இது மலையடிவாரத்து மகாராஜபுரம். தென்னையும் மாவும் நெல்லும். ரீல்ஸ் புண்ணியத்தில் தமிழ்நாடே தெரிந்துகொண்ட கூமாபட்டியும் இந்த வட்டாரம்தான்.

நான் வந்தது சாமி பார்க்க இல்லை, சீட்டு பார்க்க. அக்கா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். போக்கிமான் சீட்டாட்டத்தில் பைத்தியம். பந்தயத்துக்கு விளையாடுகிறவன். புதிய சீட்டுகள் வெளிவந்தால் எதைச் சீட்டுக்கட்டில் சேர்ப்பது, எதை ஒதுக்குவது என்று நாள்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான் என்று அக்கா போனில் புலம்பினாள். அவனோ, "நேர்ல வந்து பாருங்க மாமா. வரும்போது உங்க பழைய டப்பாவையும் எடுத்துட்டு வாங்க" என்றான். டப்பா என்றது என் பிஸ்கட் டின். உள்ளே நான் எட்டாம் வகுப்பில் சேர்த்த மல்யுத்த டிரம்ப் கார்டுகள்.

திண்ணையில் ஏற்கெனவே கூட்டம். தெருப் பையன்கள் ஐந்தாறு பேர், எதிர்வீட்டுச் சின்னப் பெண் ஒருத்தி. எல்லோர் கையிலும் தங்க நிறத்தில் பளபளக்கும் போக்கிமான் சீட்டுகள். பெட்டிக்கடையில் பாக்கெட்டாகக் கிடைப்பவை. அசல் இல்லை என்று அவர்களுக்கே தெரியும். அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. ஆட்டம் ஒரே விதியில் ஓடுகிறது: இருவரும் ஆளுக்கொரு சீட்டை வைக்க வேண்டும், எச்.பி. எண் எவனுடையது பெரிதோ அவன் இரண்டையும் எடுத்துக்கொள்வான். எச்.பி. என்பது அந்தப் பிராணி எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு. ஒரு பையனிடம் ஆயிரக்கணக்கில் எச்.பி. போட்ட சீட்டு இருந்தது. தெருவில் அவனுக்குத் தனி மரியாதை.

சிரிக்கத் தோன்றவில்லை. நாங்களும் அப்படித்தான் ஆடினோம். எடை என்றால் யோகோசுனா, உயரம் என்றால் ஜெயன்ட் கோன்சாலஸ். ஒரு யோகோசுனாவுக்காக நான் நான்கு நல்ல சீட்டுகளையும் ஒரு பம்பரத்தையும் கொடுத்திருக்கிறேன்.

அத்தான் வந்து உட்கார்ந்தார். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. தினமும் போய் வருகிறார். அவருக்குப் போக்கிமானும் தெரியாது, யோகோசுனாவும் தெரியாது. மகன் வைத்திருந்த அசல் சீட்டு ஒன்றையும் தெருப் பையனின் தங்கச் சீட்டு ஒன்றையும் வாங்கி, கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். பிறகு போன் டார்ச்சை அடித்துப் பின்னால் பிடித்தார். அசலின் நடுவில் கறுப்பாக ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. வெளிச்சம் லேசில் ஊடுருவாது. பின்பக்கமிருந்து எதிராளி சீட்டைப் படித்துவிடக் கூடாதே. "இது பிளாஸ்டிக் மேல ஃபாயில், அவ்வளவுதான். அது நல்ல போர்டு. டை கட்டிங் சுத்தமா இருக்கு, பிசிறே இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அக்காவிடம் காப்பி கேட்டார். அந்த வீட்டில் சீட்டை மதிப்பிடுகிறவன் மகன் மட்டும் இல்லை.

மருமகன் இரண்டு கட்டுகளை எடுத்து வைத்தான். கட்டுக்கு அறுபது சீட்டு. எல்லாம் ஜெராக்ஸ் கடையில் கலரில் அடித்து, வெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் சாதாரணச் சீட்டின் மேல் செருகியவை. போட்டியில் இது செல்லாது. வீட்டில் பழகுவதற்கு மட்டும். "அசல் சாரிசார்டை விலைக்கு வாங்கி ஆடணும்னா நம்ம தென்னந்தோப்பை விக்கணும்" என்றான். முதல் பதிப்பு என்றால் அவன் சொன்னதில் பெரிய மிகையில்லை.

ஜப்பானில் 1996 அக்டோபரிலும் அமெரிக்காவில் 1999 ஜனவரியிலும் வந்த முதல் தொகுதியின் கதாநாயகன் இந்த சாரிசார்டு. சிறகுள்ள, நெருப்பு கக்கும் பிராணி. 120 எச்.பி., ஒரே அடியில் 100 சேதம். அன்றைய சீட்டுகளில் இந்த எண்கள் மலை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதற்காக அழுதார்கள். "நீங்க இவனை வெச்சு ஆடுங்க. நான் இவனை வெச்சு ஆடுறேன்" என்று அவன் எடுத்தது ஹிட்மான்சான்: கையுறை மாட்டிய குத்துச்சண்டைக்காரன், 70 எச்.பி., அடித்தால் 20. தெருப் பையன்கள் ஒரே குரலில், "அண்ணே தோத்தாச்சு" என்றார்கள்.

ஆட்டம் எளிதுதான். முதலில் கையில் ஏழு சீட்டு. ஆளுக்கு ஆறு சீட்டு பரிசாகக் கவிழ்த்து ஒதுக்கி வைக்க வேண்டும். எதிரியின் பிராணி ஒன்றை வீழ்த்தினால் நம் பரிசில் ஒன்றை எடுக்கலாம். ஆறையும் எடுத்தவன் ஜெயித்தான். ஒரு முறைக்கு ஒரே ஒரு எனர்ஜி சீட்டைத்தான் பிராணியோடு சேர்க்கலாம். அடிப்பதற்கான கூலி அந்த எனர்ஜி. என் தொல்லை இங்கேயே தொடங்கிவிட்டது. சாரிசார்டு நேராக இறங்காது. முதலில் சார்மண்டர் என்ற குட்டி, அடுத்த முறை சார்மீலியன், அதற்கும் அடுத்த முறைதான் சாரிசார்டு. அடிக்க நான்கு எனர்ஜி வேண்டும். எல்லாம் கையில் ஒழுங்காக வந்தாலும், சாதாரண எனர்ஜி சீட்டுகளோடு நான்காம் முறைக்கு முன் சாரிசார்டின் அடி ஒன்றுகூட விழாது. ஹிட்மான்சானுக்கு ஒரே எனர்ஜி போதும். முதல் முறையிலேயே குத்து ஆரம்பம்.

சார்மண்டரை வைத்தேன், எனர்ஜி சேர்த்தேன். குத்து, 20. இரண்டாம் முறை சார்மீலியன் கைக்கு வரவில்லை. எனர்ஜி இரண்டானது. அவன் 'எனர்ஜி ரிமூவல்' என்றொரு சீட்டைப் போட்டு ஒன்றைக் கழற்றிவிட்டு மறுபடி குத்தினான். மூன்றாம் முறை சார்மீலியன் வந்தது, மீண்டும் குத்து. மொத்தம் 60 சேதம். நான்காம் முறை சாரிசார்டை இறக்கினேன்! திண்ணையில் விசில். குத்துச்சண்டை வகை அடி சாரிசார்டின் மேல் விழுந்தால் 30 குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. அதாவது 20 குத்து இனி பூஜ்யம். சாரிசார்டிடம் மூன்று எனர்ஜி. இன்னும் ஒன்று சேர்ந்தால் 100 அடி.

அவன் அவசரப்படவில்லை. 'ஸ்விட்ச்' போட்டு ஹிட்மான்சானை உள்ளே இழுத்து, ஓரத்தில் தயார் செய்து வைத்திருந்த எலெக்டபஸ் என்ற மின்சாரப் பிராணியை முன்னால் விட்டான். 'சூப்பர் எனர்ஜி ரிமூவல்' போட்டான். தன் எனர்ஜி ஒன்றைத் தியாகம் செய்து என்னுடையதில் இரண்டை எடுத்துவிட்டான். நான் மறுபடி ஒன்றில் நின்றேன். அடுத்த இரண்டு அடிகளில் என் கதாநாயகன் காலி. ஐந்து எனர்ஜி சேர்த்தும் நான்கு ஒரு நேரத்தில் என்னிடம் இருந்ததே இல்லை.

"சரி, எதிரி எதையும் கழற்றவில்லை என்றே வைத்துக்கொள்" என்று வாதாடினேன். அவன் தன் கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டினான். சாரிசார்டு ஒவ்வொரு அடிக்கும் இரண்டு எனர்ஜியை எறிய வேண்டும். முறைக்கு ஒன்றுதான் சேர்க்கலாம் என்பதால் அடுத்த அடிக்கு இரண்டு முறை ஆகும். "ஒரு முறைக்கு 50தான் மாமா கணக்கு. 100னு அச்சடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

அன்றைய போட்டிகளில் ஹிட்மான்சான், எலெக்டபஸ் மாதிரி உடனே அடிக்கும் பிராணிகளைக் கொண்ட கட்டுக்கு 'ஹேமேக்கர்' என்று பெயர். அதன் உண்மையான பலம் அந்தப் பிராணிகள்கூட இல்லை. 'பில்' என்றொரு சீட்டு: இரண்டு சீட்டு எடுத்துக்கொள். 'புரொபசர் ஓக்': கையில் இருப்பதை எறிந்துவிட்டு ஏழு எடுத்துக்கொள். அழகான படமும் கிடையாது, எச்.பி.யும் கிடையாது. சாரிசார்டுக்காக அழுத பிள்ளைகள் இவற்றைத்தான் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பெரியவர்களும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். கணித முனைவரான ரிச்சர்ட் கார்ஃபீல்டு 1993இல் கொண்டுவந்த 'மேஜிக்: த கேதரிங்'தான் இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது. அதில் 1995இல் நெக்ரோபொட்டன்ஸ் என்று ஒரு சீட்டு வந்தது. நம் உயிர்ப்புள்ளிகளை விலையாகக் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். உயிரைக் கொடுத்து யாராவது சீட்டு வாங்குவானா என்று பலர் ஒதுக்கினார்கள். மறு வருடம் போட்டிகளை அதுவே ஆண்டது. கடைசிப் புள்ளி போகும்வரை உயிர் வெறும் செலவுக்காசுதான் என்பது உறைக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

மருமகனின் நோட்டு இருநூறு பக்கம், கோடு போட்டது. புதுச் சீட்டு ஒன்று வந்தால் பழகிய கட்டில் நான்கு பிரதிகளைச் சேர்க்கிறான். ஒரே பெயரில் அதற்கு மேல் வைக்க விதி இடம் தராது. பத்து ஆட்டம் முதலில் இறங்கி, பத்து ஆட்டம் இரண்டாவதாக இறங்கி ஆடிப் பார்க்கிறான். எத்தனையாவது முறையில் அது பயன்பட்டது, எத்தனை முறை கையில் சும்மா தூங்கியது என்று குறிக்கிறான். ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "ஜெயிக்கும்போது மட்டும் உதவுது. வேண்டாம்." எனக்குப் பிடித்த வரி அது. ஏற்கெனவே ஜெயிப்பவனுக்கு எந்தச் சீட்டும் நல்ல சீட்டுதான். ஆட்டம் தொடங்கும்போது, இழுபறியில், தோற்றுக்கொண்டிருக்கும்போது அது என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்கிறான்.

2023இல் வந்த ஐயோனோ என்ற சீட்டை அதற்கு உதாரணம் காட்டினான். இருவரும் தங்கள் கையைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு, மீதமிருக்கும் பரிசு எத்தனையோ அத்தனை சீட்டு எடுக்க வேண்டும். தொடக்கத்தில் போட்டால் இருவருக்கும் ஆறு. பெரிய விசேஷம் இல்லை. எதிரி ஐந்து பரிசை எடுத்துவிட்டு, கை நிறையச் சீட்டோடு சிரித்துக்கொண்டிருக்கும்போது போட்டால் அவனுக்கு மிஞ்சுவது ஒன்று.

அதே வருடம் ஆகஸ்டில் சாரிசார்டு மறுபடி வந்தது, 'சாரிசார்டு எக்ஸ்' என்று. 330 எச்.பி. அதைப் பார்த்து மயங்குவது மறுபடி தெருக் கணக்கு. உள்ளே படித்தால்தான் விஷயம். இறங்கும்போதே கட்டிலிருந்து மூன்று எனர்ஜியைத் தேடி எடுத்துச் சேர்த்துவிடுகிறது. அடிக்க இரண்டே போதும், எதையும் எறிய வேண்டியதில்லை. 'ரேர் கேண்டி' போட்டால் நடுவில் இருக்கும் சார்மீலியனைத் தாண்டிவிடலாம். அடி 180; எதிரி எடுத்த ஒவ்வொரு பரிசுக்கும் 30 கூடும். நாம் தோற்கத் தோற்க இது பலம் பெறும். வீழ்ந்தால் எதிரிக்கு இரண்டு பரிசு, அதுதான் விலை. பழைய சாரிசார்டின் ஒவ்வொரு ஓட்டையையும் யாரோ உட்கார்ந்து அடைத்த மாதிரி இருந்தது. பந்தயத்தில் அது நன்றாகவே ஜெயித்தது.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்தத் தடவை அந்தக் கட்டை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஆடும் முன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்று சாரிசார்டு எக்ஸில் இரண்டை உருவிவிட்டு, "தேடி எடுக்கத்தான் வேற சீட்டு இருக்கே, ஒண்ணு போதும்" என்றேன். அவன் தடுக்கவில்லை. ஏழு முறை போனது. கட்டைத் துழாவினேன், இல்லை. கவிழ்த்து வைத்த பரிசு ஆறில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. அறுபதில் ஆறு பரிசு. ஒற்றைப் பிரதி வைத்தால் பத்து ஆட்டத்துக்கு ஒன்றில் இப்படி ஆகும். நான்கு பிரதி வைத்தால் முதல் ஏழு சீட்டிலேயே ஒன்றாவது கைக்கு வர நாற்பது சதவீத வாய்ப்பு. இதெல்லாம் தோற்ற பிறகு சொன்னான்.

அக்கா காப்பியோடு வந்து, "ரெண்டு தடவையும் தோத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

கடைசியில் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். முனை மடங்கி, நிறம் வெளுத்த மல்யுத்த வீரர்கள். தெருப் பையன்கள் யோகோசுனாவின் எடையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். எதிர்வீட்டுச் சின்னப் பெண் மட்டும் சீட்டுகளைத் தரையில் பரப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "மாமா, உயரமா எடையானு யார் கேக்கணும்?" என்றாள்.

"முந்தின ஆட்டம் ஜெயிச்சவங்க."

"அப்போ கேக்குறது நான்னா இந்தக் குண்டு மாமா போதும். அவன் கேட்டா, இவரு உயரத்துல தோத்துருவாருல்ல?"

அவள் யோகோசுனாவை ஓரமாக நகர்த்திவிட்டு, எல்லா எண்களும் நடுத்தரமாக இருந்த, எனக்குப் பெயர்கூட மறந்துபோன ஒரு வீரனை எடுத்தாள். நான்கு சீட்டும் பம்பரமும் கொடுத்து நான் வாங்கிய யோகோசுனா திண்ணை ஓரத்தில் கிடந்தான். மருமகன் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பேனா மூடியைக் கழற்றினான். மாலை பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நான் சீட்டைக் கலைத்தேன்.